இணைப்பு இருக்கிறது, வழி இல்லை

மோடம் இரைந்து ஓய்ந்துவிட்டது. இணைப்பு கிடைத்தது, வேகம் 33,600 என்று திரை சொல்கிறது. உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை. தொலைபேசி மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. டயல்-அப் காலத்தில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். உடனே துண்டித்து மறுபடி டயல் செய்வார்கள். அதற்கும் சரிவராவிட்டால் மோடத்தின் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். கோளாறு வழித்தடத்தில் இருந்தால் இந்த இரண்டாலும் எந்தப் பயனும் கிடையாது. மோடம் தன் வேலையை ஒழுங்காகவே செய்து முடித்திருக்கிறது.

அது என்ன வேலை என்று பார்த்துவிடலாம். எதிர்முனை மோடம் அழைப்பை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலியை எழுப்புகிறது. பேசுபவர் காதில் எதிரொலி விழாமல் தடுக்கத் தொலைபேசி வலையமைப்பில் வைத்திருக்கும் கருவிகளை ஒதுங்கச் சொல்லும் ஒலி அது. பிறகு இரண்டு மோடங்களும் கம்பியைச் சோதிக்கின்றன. மனிதக் குரலுக்காக ஒதுக்கப்பட்ட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்துக்குள் எவ்வளவு தரவைத் திணிக்க முடியும் என்று அளந்து, ஒரு வேகத்துக்கு ஒப்புக்கொள்கின்றன. நாம் கேட்ட இரைச்சல் இவ்வளவுதான். அடுத்து பிபிபி என்ற நெறிமுறை வருகிறது. இதன் இன்றைய வடிவம் 1994-இல் வகுக்கப்பட்டது. பாக்கெட்டின், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டின், அளவு என்ன, பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்பதெல்லாம் இதில் பேசி முடிவாகிறது. கடைசியாக இணைய நிறுவனத்தின் இயந்திரம் நம் கணினிக்கு ஓர் ஐபி எண்ணைத் தருகிறது. எடுத்துக்காட்டாக 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம். அந்த இயந்திரத்தின் சொந்த எண் 203.0.113.1.

இத்தனை பேச்சுவார்த்தையிலும் ‘இங்கிருந்து உலகத்தின் மற்ற இடங்களுக்கு எப்படிப் போவது?’ என்ற கேள்வி எழவே இல்லை. அந்தக் கேள்விக்கான பதில் நம் கணினிக்குள்ளேயே, சில வரிகள் மட்டுமே கொண்ட ஒரு பட்டியலில் இருக்கிறது. அதற்கு வழித்தட அட்டவணை என்று பெயர்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. ஆரம்பத்தில் அங்கே இரண்டு வகைக் கணக்குகள் இருந்தன. விலை குறைந்தது ஷெல் கணக்கு. அதில் வீட்டுக் கணினி வெறும் திரையும் விசைப்பலகையும்தான். அதற்கென்று ஐபி எண் கிடையாது, இணையத்தில் இருந்தது தொலைவில் உள்ள சர்வர். விலை கூடிய டிசிபி/ஐபி கணக்கில்தான் வீட்டுக் கணினி தன் சொந்த எண்ணோடு இணையத்தின் உறுப்பாயிற்று. படங்களோடு பக்கங்கள் தெரிய ஆரம்பித்ததும் அதில்தான், பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு வீட்டுக்குள் வந்ததும் அதில்தான். சின்னஞ்சிறியதாக இருந்தாலும் அந்தக் கணினியும் ஒரு ரவுட்டர்.

ரவுட்டர் எப்படி முடிவெடுக்கிறது என்பதற்கு நம் தபால் பிரிக்கும் முறையைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு மதுரையின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை. பின்கோடு 6-இல் தொடங்கினால் தெற்கே போகும் பையில் போடுவார். தமிழ்நாட்டுக்குள் வந்தபின் 625 என்ற மூன்று இலக்கங்களைப் பார்த்து மதுரைப் பையில் போடுவார்கள். முழு வழியையும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த பை எது என்று தெரியும், அது போதும். இலக்கங்களை எவ்வளவு கூடுதலாகப் பொருத்திப் பார்க்கிறோமோ அவ்வளவு நுணுக்கமாகத் திசை தெரியும்.

ஐபி எண்ணும் அப்படித்தான். அது 32 பிட்டுகள் கொண்டது. அட்டவணையின் ஒவ்வொரு வரியும், தொடக்கத்தில் இத்தனை பிட்டுகள் இப்படி இருந்தால் இந்தக் கம்பி வழியாக இன்ன இயந்திரத்திடம் கொடு என்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு மூன்று வரிகள் பொருந்தினால் அதிக பிட்டுகள் பொருந்தும் வரிக்கே வெற்றி. வேறு எந்த வரியும் பொருந்தாத பாக்கெட்டுகளுக்காக 0.0.0.0 என்று ஒரு வரி இருக்கும். அது எதையும் சோதிக்காமல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதைத்தான் டீஃபால்ட் கேட்வே என்கிறோம். வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

இப்போது ஒரு கோளாறைப் பிரித்துப் பார்க்கலாம். லினக்ஸ் கணினிகளில் இது அடிக்கடி நடந்தது.

வீட்டில் ஒரு கணினி, அதில் மோடம். சில மாதம் கழித்து இரண்டாவது கணினி வருகிறது. இரண்டையும் இணைக்க ஈத்தர்நெட் அட்டை போட்டு, அதற்கு 192.168.1.2 என்று எண் தருகிறார்கள். 192.168-இல் தொடங்கும் எண்கள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென 1996-இல் உறுதியாக ஒதுக்கப்பட்டவை, யாரும் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். அமைப்புத் திரை அடுத்து ‘கேட்வே எண் என்ன?’ என்று கேட்கும். வெற்றிடமாக விடலாம் என்று அங்கே எழுதியிருக்காது. எதையாவது நிரப்பினால்தான் நகரும் என்று நினைத்து 192.168.1.1 என்று போட்டுவிடுவார்கள். அந்த எண்ணில் வீட்டில் எந்த இயந்திரமும் இல்லை.

அன்று மாலை டயல் செய்தால் இணைப்பு கிடைக்கிறது, ஒரு பக்கமும் திறப்பதில்லை. அட்டவணையைத் திரையில் வரவழைத்தால் நான்கு வரிகள் இருக்கும். 192.168.1.0 என்ற வலையமைப்புக்கு ஈத்தர்நெட் அட்டை. 127.0.0.0-க்குக் கணினியே. 203.0.113.1 என்ற ஒற்றை எண்ணுக்கு, அதாவது இணைய நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மட்டும், மோடம். கடைசி வரியில் 0.0.0.0, கேட்வே 192.168.1.1, ஈத்தர்நெட் அட்டை. உலகத்துக்கெல்லாம் போக வேண்டிய பாக்கெட்டுகள் இல்லாத ஓர் இயந்திரத்தைத் தேடி வீட்டுக்குள்ளேயே போகின்றன.

டயல் செய்யும் பிபிபிடி நிரல் அந்த வரியை ஏன் மாற்றவில்லை? தெரிந்தேதான் விட்டுவைத்தது. இணைப்பு வந்ததும் டீஃபால்ட் வழியை அமை என்று அதற்குக் கட்டளை கொடுத்திருந்தாலும், ஏற்கெனவே அப்படி ஒரு வழி இருந்தால் அதைத் தொடாது. ஈத்0, அதாவது ஈத்தர்நெட் அட்டை, பக்கம் இருக்கும் டீஃபால்ட் வழியை மாற்றவில்லை என்று கணினியின் பதிவுக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் நிரலை எழுதியவர்கள் பக்கம்தான். அலுவலகக் கணினி ஒன்று ஏற்கெனவே சரியான வழியில் இயங்கிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் மோடத்தைத் தட்டியதால் மொத்தப் போக்குவரத்தும் தொலைபேசிக் கம்பிக்குத் திரும்பினால், சேதம் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை பயனரின் கண்ணில் படும் இடத்தில் வந்திருக்க வேண்டும்.

உலாவி தரும் பிழைச் செய்தியும் ஆளைத் தவறான பக்கம் திருப்பிவிடும். தளத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொல்லும். உடனே, தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் பெயர் சர்வரின் எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள், அடுத்த ஊர் நிறுவனத்தின் சர்வரைப் போட்டுப் பார்ப்பார்கள். பெயர் சர்வரில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்கப் போன பாக்கெட்டே வீட்டைத் தாண்டவில்லை.

இதனால்தான் பெயர்களை ஒதுக்கிவிட்டு வெறும் எண்களோடு சோதிக்க வேண்டும். அதற்கான கருவி பிங். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் அதை எழுதினார். நீர்மூழ்கியின் சோனார் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. பதில் வந்தால் வழி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பதில் வராதபோதுதான் பிங் அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. எப்படி வரவில்லை என்று கவனிக்க வேண்டும்.

தட்டிய மறுகணமே ‘வலையமைப்பை அடைய முடியாது’ என்று வந்தால், அட்டவணையில் பொருந்தும் வரியே இல்லை. பாக்கெட் புறப்படவே இல்லை. டீஃபால்ட் வழி இல்லாத கணினியில் இது வரும்.

மூன்று விநாடி அளவுக்குத் தயங்கிவிட்டு ‘அந்தக் கணினியை அடைய முடியாது’ என்று வந்தால், அந்தச் செய்தியை அனுப்பியது யார் என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அனுப்பியவர் எண் 192.168.1.2, அதாவது நம் கணினியே. ஈத்தர்நெட் கம்பியில் ‘192.168.1.1 யாரிடம் இருக்கிறது?’ என்று விநாடிக்கு ஒரு தடவை கூவிப் பார்த்துவிட்டு, யாரும் பதில் தராததால் தனக்குத்தானே கைவிரித்திருக்கிறது. மோடம் வழியாகப் போயிருந்தால் இந்தக் கூவலுக்கு அவசியமே இல்லை. இருமுனை மட்டும் உள்ள கம்பியில் மறுமுனை யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆக, அந்த மூன்று விநாடித் தயக்கம் ஒன்றே பாக்கெட் தவறான அட்டைக்குப் போனதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எதுவுமே வராமல் நிசப்தமாக இருந்தால், பாக்கெட் வெளியே போய்விட்டது. தொலைந்தது வழியில் எங்கோ, அல்லது திரும்பும் வழியில்.

நம் கோளாறைத் தீர்க்க அந்தக் கடைசி வரியை நீக்கிவிட்டு மோடத்தை நோக்கி ஒரு டீஃபால்ட் வரி சேர்த்தால் போதும், இரண்டு கட்டளைகள். கூடவே வலையமைப்பு அமைப்புக் கோப்பில் கேட்வே என்று தொடங்கும் வரியையும் அழித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் கணினியை அடுத்த முறை இயக்கும்போது கோளாறும் திரும்பி வந்து நிற்கும்.

விண்டோஸ் இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. டயல்-அப் இணைப்பு வந்ததும், தொலை வலையமைப்பின் கேட்வேயைப் பயன்படுத்து என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால், பழைய டீஃபால்ட் வரியின் செலவு எண்ணைக் கூட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புதிய வரியை முன்னே வைக்கும். வீட்டுப் பயனருக்கு இது வசதி. அலுவலகத்தில் பல வலையமைப்புகளை ஒரு கேட்வே வழியாக அடைந்துகொண்டிருந்தவருக்கு, டயல் செய்த நொடியில் பக்கத்துக் கட்டட சர்வர் காணாமல் போகும். துண்டித்ததும் தானாகத் திரும்ப வரும்.

பாக்கெட் போவதற்கு ஒரு வழி வேண்டும், பதில் வருவதற்கு இன்னொரு வழி வேண்டும். இரண்டும் தனித்தனி. வீட்டின் இரண்டாவது கணினிக்கும் இணையத்தைப் பகிர ஆரம்பிக்கும்போது இந்த உண்மை பளிச்சென்று தெரியும். இரண்டாவது கணினியின் எண் 192.168.1.3, அதன் கேட்வே முதல் கணினி. இங்கே முதலில் பார்க்க வேண்டியது லினக்ஸ் கர்னலில் உள்ள ஒரு குட்டிக் கோப்பு. அதில் 0 இருந்தால் ஓர் அட்டையில் வந்த பாக்கெட்டை இன்னொரு பக்கம் கடத்தாது, 1 இருந்தால் கடத்தும். அதை 1 ஆக்கியபின் பிங் செய்து, மோடத்தின் முகப்பில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். வெளியே வைக்கும் மோடங்களில் அனுப்புவதற்கு எஸ்டி என்றும் பெறுவதற்கு ஆர்டி என்றும் விளக்குகள் இருக்கும். எஸ்டி ஒவ்வொரு விநாடியும் சிமிட்டுகிறது, ஆர்டி அசையவில்லை. பாக்கெட் போகிறது, பதில் வரவில்லை.

காரணம் எளியது. இணைய நிறுவனத்தின் இயந்திரத்தில் நம் வீட்டுக்கென்று இருப்பது 203.0.113.45 என்ற ஒற்றை எண்ணுக்கான ஒரு வரி. அந்த வரியும் நாம் டயல் செய்தபோது முளைத்தது, துண்டித்ததும் மறைந்துவிடும். 192.168.1.3-க்கு அனுப்பு என்று எழுதிய பதில் உலகத்தில் எந்த ரவுட்டருக்கும் புரியாது, ஏனென்றால் அந்த எண் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. ஆகவே முதல் கணினி, வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் அனுப்புநர் இடத்திலும் தன் எண்ணை எழுதி, யாருக்காக அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்து, பதில் வரும்போது மாற்றிக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு மாஸ்கரேட் என்று பெயர். விண்டோஸ் 98-இன் 1999 பதிப்பில் இதே வேலை இணைய இணைப்புப் பகிர்வு என்ற பெயரில் வந்தது.

இதையும் சரிசெய்தபின் விசித்திரமான ஒரு கோளாறு மிஞ்சலாம். இரண்டாவது கணினியில் பிங் வேலை செய்கிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் பாதியில் உறைந்துவிடுகின்றன. முதல் கணினியிலோ எல்லாமே திறக்கிறது. வழித்தடம் அங்கங்கே அறுந்ததுபோல் தோன்றும், ஆனால் குற்றவாளி பாக்கெட்டின் அளவு. 33,600 வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியைக் கடக்க 0.36 விநாடி ஆகும், 576 பைட் என்றால் 0.14 விநாடி. தட்டச்சு செய்யும்போது தாமதம் குறையட்டும் என்று பலர் டயல்-அப் இணைப்பை 576-இல் வைத்திருந்தார்கள். முதல் கணினி தன்னிடம் சிறிய பாக்கெட்டுகளையே அனுப்பும்படி தொலை சர்வரிடம் சொல்லிவிடும். இரண்டாவது கணினிக்குத் தெரிந்தது ஈத்தர்நெட்டின் 1500 மட்டுமே, அந்த அளவைத்தான் சொல்லும். தொலை சர்வர் 1500 அனுப்ப, இணைய நிறுவனத்தின் இயந்திரம் ‘இது பெரிது, குறைத்து அனுப்பு’ என்று செய்தி அனுப்பும். சில தளங்களின் பாதுகாப்பு அரண்கள் அந்தச் செய்தியை உள்ளேயே விடுவதில்லை. சர்வர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். டயல்-அப் இணைப்பின் அளவையும் 1500 ஆக்கினால் உறைந்த தளங்கள் திறந்துகொள்ளும்.

வீட்டுக்குள் எல்லாம் சரியென்று தெரிந்தபின்தான் வெளியே பார்க்க வேண்டும். அதற்கு ட்ரேஸ்ரூட். ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையை வைத்து வான் ஜேக்கப்சன் 1980-களின் கடைசியில் எழுதிய நிரல் இது. வழித்தடக் கோளாறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது 48 மணி நேரம் தூங்காமல் இருந்த பின் இது பிறந்ததாக நிரலின் மூலத்திலேயே குறித்துவைத்திருக்கிறார்.

அந்த யோசனை அபாரமானது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பாக்கெட்டை எறிந்துவிட்டு, எறிந்துவிட்டேன் என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழிதவறிய பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ஜேக்கப்சனின் நிரல் வேண்டுமென்றே ஆயுள் 1 என்று ஒரு பாக்கெட் அனுப்புகிறது, முதல் ரவுட்டர் அதை எறிந்துவிட்டுத் தன் எண்ணோடு தகவல் தருகிறது. பிறகு 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போனால் வழியில் உள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகத் தங்களை அறிவித்துக்கொள்கின்றன. வழியைச் சொல்லித் தருவதற்கென்று தனி வசதி எதையும் இந்த நிரல் நம்பியிருக்கவில்லை. இறக்கும் பாக்கெட்டுகளின் அறிவிப்பிலிருந்தே வழி வரையப்படுகிறது.

பட்டியலைப் படிக்கும்போது நட்சத்திரக் குறிகளைக் கண்டு பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பாக்கெட்டைக் கடத்தும், ஆனால் தகவல் சொல்லாது. நடுவில் நட்சத்திரம், அடுத்த வரியில் எண் என்றால் வழி நலமாகவே இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து கடைசிவரை நட்சத்திரங்களே என்றால் அங்கே சந்தேகம் கொள்ளலாம். அப்போதும் பாக்கெட்டைத் தடுப்பது பாதுகாப்பு அரணாகவோ, பழுது திரும்பும் வழியிலோ இருக்கலாம். இரண்டே எண்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் தயக்கமே வேண்டாம். இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.

வீட்டுக் கணினியின் நான்கு வரிகளை ஆளும் அதே விதிதான் கண்டங்களையும் ஆள்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் முயன்றது. யூடியூப் அப்போது 208.65.152.0-இல் தொடங்கும் 1024 எண்களை, 22 பிட்டுகள் பொருந்தும் ஒரே வரியாக உலகுக்கு அறிவித்து வந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் 208.65.153.0-இல் தொடங்கும் 256 எண்களை மட்டும், 24 பிட்டுகள் பொருந்தும் வரியாகத் தன்னுடையதென்று அறிவித்தது. நாட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டிய அந்த வரி, அதற்கு மேலிருந்த பிசிசிடபிள்யூ நிறுவனத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதிக பிட்டுகள் பொருந்தும் வரிக்கே வெற்றி. உலகின் பெரும்பகுதி யூடியூபுக்கு அனுப்பிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. அன்று யாராவது தன் மோடத்தைச் சந்தேகித்திருந்தால் ட்ரேஸ்ரூட் ஒன்றே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்திருக்கும்.

யூடியூப் பொறியாளர்கள் சுமார் 80 நிமிடத்தில் தாங்களும் 24 பிட் வரி ஒன்றை அறிவித்தார்கள். இரண்டும் சம நீளம் என்பதால் பாகிஸ்தானுக்கு அருகில் இருந்த வலையமைப்புகள் அந்தப் பக்கமே சாய்ந்தன. மேலும் பத்துச் சொச்சம் நிமிடத்தில் அதே எண்களை இரண்டாகப் பிரித்து 25 பிட் வரிகளாக அறிவித்தார்கள். பல நிறுவனங்கள் 24 பிட்டுக்கு மேல் நுணுக்கமான வரிகளை ஏற்பதில்லை, ஆகவே இதிலும் பாதிதான் பலித்தது. தவறான வரி தொடங்கி ஏறத்தாழ 2 மணி 14 நிமிடம் ஆனபோது பிசிசிடபிள்யூ அந்த அறிவிப்பைத் தன் பக்கத்தில் துண்டித்தது. அதன் பின்னரே எல்லாரும் யூடியூபை மறுபடி அடைந்தார்கள்.